பாட்டி, அந்தப் பாவாடை என்ன கலர்?

சென்ற வருஷம் நவராத்திரிக்குக் கொலு வைப்பதற்காகப் பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை இறக்கினோம். செட்டியாரும் செட்டிச்சியும் இறங்கினார்கள். தசாவதார செட் இறங்கியது. கூடவே ஒரு பழைய பிஸ்கட் டப்பாவும் இறங்கியது. திறந்து பார்த்தால் உள்ளே அத்தனையும் போட்டோக்கள்!

"இது இங்கேயா இருக்கு? தொலைஞ்சே போச்சுன்னு நினைச்சேனே!" என்றார் என் மாமியார். அவருக்கு வயது எண்பத்து நாலு.

காலேஜில் படிக்கும் என் பெண்ணுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மறுநாளே கடைக்குப் போய்க் கெட்டி அட்டை போட்ட ஆல்பம், ஜிகினாக் காகிதம், விளிம்பை வளைவு வளைவாக வெட்டும் கத்தரிக்கோல் எல்லாம் வாங்கி வந்து விட்டாள். இதற்கு 'ஸ்கிராப் புக்' என்று பெயராம். படத்தை மட்டும் ஒட்டினால் போதாதாம். படத்தின் கதை, பழைய டிக்கெட், அழைப்பிதழ், கையால் வெட்டிய காகித வேலைப்பாடு எல்லாம் ஒரே பக்கத்தில் சேர வேண்டுமாம்.

முதல் பக்கத்தில் "எங்கள் குடும்பம்" என்று தலைப்பு மின்னியது. அவ்வளவுதான்! தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. தலைப்புக்குக் கீழே ஓர் எழுத்து விழவில்லை.

"என்ன எழுதறதுன்னே தெரியலை, அம்மா" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? "எங்கள் குடும்பம்" என்றால் எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது? வெள்ளைத் தாளுக்கு அப்படி ஒரு மிரட்டும் சக்தி உண்டு. பெரிய தலைப்பைக் கண்டால் பேனாவும் பயப்படும்.

கேள்வி திறந்த கதவு

சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில் மின்சாரம் நின்று விட்டது. பொழுது போகாமல் அவள் அந்த டப்பாவிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பாவாடை சட்டையுடன் இரண்டு சிறுமிகள். பெரியவள் பாட்டி என்று எங்களுக்குத் தெரியும். சின்னவள் யாரென்று தெரியாது. அவள் முகத்தை உர்ரென்று வைத்துக் கொண்டிருந்தாள்.

"பாட்டி, இந்தப் பாவாடை என்ன கலர்?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். மாமியார் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கொண்டார்.

"மாம்பழக் கலர். அரக்கு பார்டர். எங்கம்மாவோட பழைய புடவை. பின்கொசுவம் வைத்துக் கட்டி நைஞ்சு போச்சுன்னு இரண்டு பாவாடையாத் தைச்சா. பார்டர் ஒண்ணுக்குத்தான் காணும். எனக்குப் பார்டர் வச்சது, அவளுக்கு இல்லை. அதுக்குத்தான் அந்த மூஞ்சி!"

"அவள்னா யார் பாட்டி?"

"என் தங்கை."

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. என் மாமியாருக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்! அந்தப் படம் எடுத்த வருஷமே ஐப்பசியில் டைபாய்டு ஜுரம் வந்து போய்விட்டாளாம். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவள் பேரைச் சொன்னதில்லையாம். கேட்டால்தானே சொல்வதற்கு? எங்களுக்குக் கேட்கவும் தோன்றவில்லை.

"உங்கள் பால்ய காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று நாங்கள் பல தடவை கேட்டிருக்கிறோம். "அதுல என்ன இருக்கு?" என்பதோடு பேச்சு முடிந்து விடும். பாவாடையின் நிறத்தைக் கேட்டதும் எழுபது வருஷத்துக் கதவு திறந்து கொண்டது. சின்னக் கேள்விக்கு உள்ள சாமர்த்தியம் இதுதான். காமிரா அன்றைக்கு நிறத்தைப் பிடிக்கவில்லை. அந்த நிறம் இன்றைக்கு ஒரே ஒருவரின் ஞாபகத்தில்தான் இருக்கிறது.

நமக்குப் புதிதா?

வெட்டி ஒட்டும் வித்தை நம் வீடுகளுக்குப் புதியதில்லை. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, மணியத்தின் சித்திரங்களோடு வாரா வாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனை எத்தனை! மார்கழிக்கென்று புள்ளிக் கோலங்களைச் சேர்த்து வைத்த நோட்டுப் புத்தகம் இல்லாத வீடும் அபூர்வம். பெயர்தான் ஸ்கிராப் புக் இல்லை, காரியம் அதுவேதான்.

மேல் நாட்டில் இந்தப் பைத்தியம் பெரிய எழுத்தாளர்களையும் விடவில்லை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவிய ஸ்கிராப் புத்தகம் ஒன்றைக் கண்டுபிடித்து 1873-ல் அதற்குப் பேடண்ட் உரிமையும் வாங்கினார். தண்ணீரில் நனைத்து ஒட்ட வேண்டியதுதான்!

இன்னும் அதிசயமானவர் இங்கிலாந்தில் வாழ்ந்த மேரி டிலேனி என்ற அம்மையார். 1768-ல் கணவரை இழந்தார். 1772-ல், தமது 72-வது வயதில், ஒரு சிவப்புக் காகிதத் துண்டும் ஜெரேனியம் பூவின் இதழும் ஒரே நிறமாக இருப்பதைக் கண்டு, கத்தரிக்கோலை எடுத்தார். வண்ணக் காகிதத்தை இதழ் இதழாக நறுக்கிக் கறுப்புத் தாளில் ஒட்டினார். பார்வை மங்கி 1782-ல் நிறுத்தும் வரை பத்து வருஷங்களில் 985 செடி கொடிகளைக் காகிதத்தில் மலர வைத்து விட்டார். லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் அவை பத்திரமாக இருக்கின்றன. அவருக்கும் முதல் தூண்டுகோல் ஒரு நிறம்தான், கவனித்தீர்களா?

ஒரு பக்கம், ஒரு கேள்வி

ஆகவே, சகோதரிகளே, ஆல்பம் வாங்கும் முன் கேள்விகளை எழுதிக் கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே கேள்வி. பதில் நாலு வரி இருந்தால் போதும். சொல்பவர் எப்படிச் சொன்னாரோ, அப்படியே எழுதுங்கள். இலக்கணம் பார்த்துத் திருத்தாதீர்கள். எங்கள் வீட்டில் பலன் கொடுத்த சில கேள்விகள் இதோ:

இந்தப் படத்தில் கட்டியிருக்கும் புடவை என்ன நிறம்? யார் வாங்கிக் கொடுத்தது?

சின்ன வயதில் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? யார் சுமந்தார்கள்?

முதன் முதலில் தனியாகச் சமைத்தது என்ன? அதைச் சாப்பிட்டவர் என்ன சொன்னார்?

பள்ளிக்கூடத்தை எந்த வகுப்போடு நிறுத்தினார்கள்? ஏன்?

அடகுக்குப் போய்த் திரும்பி வராத நகை எது?

இந்தப் படம் எடுத்தபோது, படத்துக்கு வெளியே நின்றவர் யார்?

ஆறாவது கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். அடுப்படியில் இருந்தவர்கள் அநேகமாக எந்தப் படத்திலும் விழுந்திருக்க மாட்டார்கள்!

பதிலே அலங்காரத்தையும் சொல்லிக் கொடுத்து விடும். தண்ணீர்க் கதைக்கு ஒரு காகிதக் குடம். ரயில் பயணத்துக்கு, விசிறி மடிப்பாக மடித்து, இழுத்தால் நீளும் ஒரு காகித ரயில். கடிதம் இருந்தால், பழைய கல்யாணப் பத்திரிகையின் கவரைப் பாதியாக வெட்டி மூன்று பக்கம் ஒட்டிப் பை செய்து அதில் செருகி விடலாம். ஜிகினாவே வேண்டாம். கல்யாணப் பத்திரிகைகளும் ஜவுளிக்கடை அட்டைப் பெட்டிகளும் எந்த வீட்டில் இல்லை?

பசையில் இருக்கிறது ஆயுசு

இனி கொஞ்சம் ஜாக்கிரதைகள். அசல் போட்டோவை ஒட்டவே கூடாது. அதற்கு ஒரு பிரதி எடுத்துப் பிரதியை ஒட்டுங்கள். அசலைத்தான் வைப்பேன் என்றால், பசையில்லாமல் நான்கு மூலைகளில் செருகி வையுங்கள். மூலை செய்வது சுலபம். 4 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலத்தில் காகிதத்தை வெட்டுங்கள். நீளப் பக்கம் மேலே இருக்கட்டும். காகிதக் கப்பல் செய்யும்போது முதலில் இரண்டு காதுகளையும் நடுவை நோக்கி மடிப்போமே, அதே போல் மேல் மூலைகள் இரண்டையும் மடித்தால் முக்கோணம் கிடைக்கும். மடிப்புத் தெரியும் பக்கத்தில் பசை தடவித் தாளில் ஒட்டுங்கள். முக்கோணத்தின் வாய்க்குள் போட்டோவின் மூலை அழகாக உட்கார்ந்து கொள்ளும்.

காகிதத்தை ஒட்ட மைதாப் பசையே போதும். அன்றன்று நீர்க்கக் காய்ச்சி, ஆறவிட்டு, மெல்லிசாகத் தடவ வேண்டும். அள்ளி அப்பினால் தாள் சுருங்கும். போதாததற்கு ராமபாணப் பூச்சிக்கு விருந்தும் ஆகிவிடும். பைண்டு செய்பவர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம், குழந்தைகள் கை வைக்கும் இடத்தில் வேண்டாம். ஒட்டிய பக்கம் நன்றாக உலர்ந்த பிறகே புத்தகத்தை மூடுங்கள்.

செலோ டேப் பக்கமே போக வேண்டாம். நாளாவட்டத்தில் பழுத்து, தானும் உதிர்ந்து, கறையையும் விட்டுப் போகும். பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாக்கி விடும். ஆகையால் பத்திரிகைத் துண்டையும் நல்ல தாளில் நகல் எடுத்து ஒட்டுவதே மேல். மெஷினில் அச்சாகி வருகிற வழுவழுப்பான ரசீதுகளும் டிக்கெட்டுகளும் பெரும்பாலும் சூட்டினால் எழுத்து விழும் தாள்கள். அவை சில வருஷங்களில் வெறும் வெள்ளையாகி விடும். அவற்றுக்கும் நகல்தான் வழி.

போட்டோவின் பின்புறம் பேர் எழுத மெல்லிய பென்சிலை உபயோகியுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்து முகத்தில் தழும்பு விழும்.

செல்போனில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். வாஸ்தவம்தான். செல்போனும் உதவட்டும், பெரியவர்கள் பேசும்போது குரலைப் பதிவு செய்து கொள்ளுங்கள். ஆனால் ஆயிரம் படங்களில் எது முக்கியம் என்று அது சொல்லாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவும் அதற்குத் தெரியாது.

பார்டர் வைத்த பாவாடை

அந்த டப்பாவில் இன்னொரு படம் இருக்கிறது. ஒரு பந்தலுக்கு முன்னால் பதினொரு பேர் நிற்கிறார்கள். மாமியாருக்கு நாலு பேரைத்தான் அடையாளம் தெரிகிறது. "அக்காவைக் கேட்டா அத்தனை பேரையும் சொல்லியிருப்பா" என்றார். அந்தப் பெரியம்மா எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தார். வேளா வேளைக்குக் காப்பி கொடுத்தோம். கோவிலுக்கு அழைத்துப் போனோம். டப்பா அப்போதும் பரணில்தான் இருந்தது. அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. மிச்சம் ஏழு பேரும் இனி எப்போதும் வெறும் ஏழு பேர்தான். அந்தப் பக்கத்தில் நாலு பேர்களை எழுதி, ஏழு கோடுகளைக் காலியாக விட்டிருக்கிறோம்.

தங்கையின் பக்கம் முடிந்து விட்டது. என் பெண் மாம்பழ நிறக் காகிதத்தில் கொசுவம் கொசுவமாக மடித்து இரண்டு பாவாடைகள் செய்தாள். கல்யாணப் பத்திரிகை ஒன்றில் அரக்கு நிறம் கிடைத்தது. அதை நீளமாக நறுக்கி இரண்டு பாவாடைக்கும் பார்டர் வைத்தாள்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சின்னவளோடதுக்குப் பார்டர் கிடையாதுன்னு சொன்னேனே?"

"இப்போ காகிதம் நிறைய இருக்கு, பாட்டி!"

அவர் ஒன்றும் பேசவில்லை. சின்னப் பாவாடையின் பார்டரை ஒரு விரலால் நீவி விட்டார். பிறகு பென்சிலைக் கேட்டு வாங்கி, படத்தின் கீழே நடுங்கும் கையால் தங்கையின் பேரைத் தாமே எழுதினார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டப்பா இருக்கும். நவராத்திரி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே இறக்குங்கள். ஆல்பமும் கத்தரிக்கோலும் நாளைக்கு வாங்கலாம். கேள்வியை இன்றைக்கே கேட்டு விடுங்கள்!