பழைய காருக்குக் கண்ணாடி: மட்காட்டிலா, கதவிலா?



சி ரூசாவில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்கு அண்மையில் பழைய எம்ஜிபி ஒன்று பழுதுபார்க்க வந்திருந்தது. எம்ஜிபி என்பது 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். பட்டறைக்கு வந்தது மேற்கூரை திறந்த வகை. மழை வந்தால் மட்டும் துணிக்கூரையை இழுத்து மூடிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் வெளிக் கண்ணாடி எல்லாக் கார்களிலும் கட்டாயமில்லை. இந்தக் காரிலும் உள்ளே ஒரு சிறு கண்ணாடி மட்டும்தான் இருந்தது.

பட்டறை அண்ணன் என்னைப் பார்த்ததும், "சார், பழைய போட்டோவுல கண்ணாடி முன் மட்காட் மேலதான் இருக்கு. ஓனரும் அங்கேயே வைக்கச் சொல்றாரு. எனக்குக் கதவுலதான் சரின்னு படுது. சயன்ஸ் என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

என்னுடன் படிவம் 5 மாணவன் ஒருவனும் வந்திருந்தான். சென்ற ஆண்டு செம்பனைத் தோட்டத்துச் சாலையில் அவன் மோட்டார் சைக்கிளில் ஒரு காரை ஒட்டிச் சென்றபோது, அந்தக் கார் திடீரென அவன் பக்கம் ஒதுங்கியது. நல்ல வேளை, கை எலும்பு முறிவோடு தப்பினான். "அவர் என்னைக் கண்ணாடியில பார்த்திருப்பாருன்னு நினைச்சேன் சார்" என்றுதான் மருத்துவமனையில் சொன்னான். ஆகவே, அண்ணனின் கேள்வி எங்கள் இருவருக்குமே முக்கியமானதாகப்பட்டது.

கண்ணாடி வந்த கதை

1909-இல் டோரத்தி லெவிட் என்ற ஆங்கிலப் பெண் ஓட்டுநர், கார் ஓட்டும் பெண்கள் ஒரு கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டால் பின்னால் வருவதைப் பார்க்கலாம் என்று தம் நூலில் எழுதினார். 1911-இல் அமெரிக்காவில் நடந்த முதல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில், மற்றக் கார்களில் பின்னால் பார்த்துச் சொல்ல ஓர் உதவியாளர் அமர்ந்திருந்தார். ரே ஹாரூன் மட்டும் ஒற்றை இருக்கைக் காரில் கண்ணாடி பொருத்தித் தனியே ஓட்டி வெற்றி பெற்றார். ஆனால், செங்கல் பாவிய தடத்தில் அந்தக் கண்ணாடி ஆடிய ஆட்டத்தில் அதில் எதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆகவே, கண்ணாடி இருந்தால் மட்டும் போதாது. எது, எங்கே, எப்படிப் பொருத்தப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சன்னலும் கண்ணாடியும்

சமதள ஆடியை ஒரு சன்னலாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண் ஆடிக்கு முன்னால் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அதே தொலைவில் ஆடிக்குப் பின்னால் ஒரு கற்பனைக் கண் இருக்கிறது. அந்தக் கண் அச்சன்னல் வழியே பார்க்கிறது. சன்னலை நெருங்கினால் வெளியே நிறையத் தெரியும். விலகினால் குறைவாகத் தெரியும். அவ்வளவுதான் கணக்கு.

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து அளந்தோம். கண்ணிலிருந்து மட்காட்டில் கண்ணாடி வைக்கும் இடம் 150 செ.மீ.; கதவில் வைக்கும் இடம் 70 செ.மீ. கண்ணாடியின் அகலம் 12 செ.மீ. கண்ணாடிக்குப் பின்னால் 20 மீட்டர் தொலைவில் எவ்வளவு அகலம் தெரியும்? ஒத்த முக்கோண விதிப்படி, சாய்வைச் சேர்க்காமல் கணக்கிட்டால்:

மட்காட்டில்: 12 × (150 + 2000) ÷ 150 = 172 செ.மீ.
கதவில்: 12 × (70 + 2000) ÷ 70 = 355 செ.மீ.

ஒரே கண்ணாடிதான். மட்காட்டில் ஏறத்தாழ ஒரு காரின் அகலம் தெரிகிறது. கதவில் சாலையின் ஒரு தடமே தெரிகிறது. அண்ணன் நினைத்தது சரிதான்.

குவி ஆடி கேட்கும் விலை

அடுத்து, அதே அளவுள்ள குவி ஆடியை எடுத்துக்கொண்டோம். கரண்டியின் பின்புறம் போல வெளியே புடைத்திருப்பது குவி ஆடி. அதன் வளைவு ஆரம் 120 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், குவியத் தூரம் அதில் பாதி, அதாவது 60 செ.மீ. இப்போது கற்பனைக் கண் 70 செ.மீ. பின்னால் இருக்காது, 32 செ.மீ. பின்னால்தான் இருக்கும். அது சன்னலை நெருங்கிவிட்டது! மேற்கண்ட கணக்கையே மீண்டும் செய்தால், 20 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 7.5 மீட்டர் அகலம் தெரியும்.

ஆனால், இதற்கு ஒரு விலை உண்டு. அகன்ற காட்சி அதே 12 செ.மீ. கண்ணாடிக்குள் அடங்க வேண்டுமானால், ஒவ்வொரு பொருளும் சிறுத்துத்தான் ஆகவேண்டும். 20 மீட்டர் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள், 44 மீட்டரில் இருப்பது போன்ற அளவில்தான் தெரியும். கார் மணிக்கு 54 கி.மீ. வேகத்திலும் மோட்டார் சைக்கிள் 90 கி.மீ. வேகத்திலும் சென்றால், இடைவெளி வினாடிக்கு 10 மீட்டர் குறையும். ஓட்டுநர் தமக்கு 4 வினாடி இருப்பதாக நினைப்பார். உண்மையில் இருப்பது 2 வினாடிதான். பொருள்கள் தெரிவதைவிட அருகில் உள்ளன என்று சில கார்க் கண்ணாடிகளில் எழுதியிருப்பது இதனால்தான்.

ஆட்டமும் துருவும்

ஹாரூனின் கண்ணாடியைப் போல இதுவும் ஆடக்கூடாது. ஆடி 1 பாகை திரும்பினால், அதில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர் 2 பாகை திரும்பும். எனவே, சமதள ஆடி அரைப் பாகை நடுங்கினாலே 20 மீட்டரில் காட்சி 35 செ.மீ. நகர்ந்துவிடும். ஒரே தடிப்புள்ள கண்ணாடிக் கம்பியின் நீளத்தை இரட்டித்தால், அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே, அண்ணன் குட்டையான, தடித்த கம்பியுள்ள கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தார்.

உடனே துளை போட்டுவிடவில்லை. முதலில் கண்ணாடியை ஒட்டு நாடாவால் ஒட்டி, ஓட்டுநரை உட்கார வைத்துப் பார்த்தார். துணிக்கூரையை மூடியும் திறந்தும், கதவை முழுதாகத் திறந்தும் சோதித்தார். உள்ளே திருகாணி சன்னல் கண்ணாடியில் இடிக்குமா என்றும் பார்த்தார். பிறகே துளையிட்டார். கதவுத் தகடு மெல்லியது என்பதால், சுமை பரவ உள்பக்கம் ஒரு சிறு தகடு வைத்தார். துளையின் விளிம்பில் இரும்பு வெளியே தெரியும். சி ரூசாவின் உப்புக் காற்றில் அது விரைவில் துருப்பிடிக்கும். எனவே, விளிம்புக்குச் சாயம் பூசி, காய்ந்த பின் ரப்பர் திண்டு வைத்து முடுக்கினார். இரண்டு வேறு உலோகங்கள் உப்பு நீரில் நனைந்து ஒன்றையொன்று தொட்டால், அது ஒரு சிறு மின்கலமாகி அவற்றில் ஒன்றை அரிக்கும். ரப்பர் அதையும் தடுக்கிறது.

இன்னும் தெரியாத இடம்

வேலை முடிந்ததும் என் மாணவன் மோட்டார் சைக்கிளைக் காரின் பின்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னே, பக்கவாட்டில் நிறுத்தினான். நான் ஓட்டுநர் இருக்கையில் இருந்தேன். நேரே பார்த்தபடி இருந்தபோது எந்தக் கண்ணாடியிலும் அவன் இல்லை! அதுதான் மறைவிடம். குவி ஆடிகூட காரின் பக்கவாட்டிலிருந்து சுமார் 20 பாகை வரைதான் காட்டுகிறது.

இதைக் குறைக்க ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995-இல் ஒரு வழி சொன்னார். தலையை வலப் பக்கச் சன்னலருகே சாய்த்து, காரின் உடல் ஓரத்தில் மட்டும் மெல்லத் தெரியும்படி வலக் கண்ணாடியை வெளியே திருப்ப வேண்டும். இடக் கண்ணாடிக்குத் தலையைக் காரின் நடுவுக்குச் சாய்த்து அப்படியே செய்ய வேண்டும். நாங்களும் செய்தோம். அவன் தெரிந்தான். அப்படியும் தடம் மாறும்முன் தலையைத் திருப்பி ஒருமுறை பார்ப்பதைக் கைவிடக்கூடாது.

பிறகு அவனிடம், "இப்போ நீ கண்ணாடியைப் பாரு. என் முகம் தெரியுதா?" என்று கேட்டேன். "தெரியுது சார்." கண்ணாடியைப் பழைய நிலைக்குத் திருப்பினேன். "இப்போ?" "தெரியல சார்." சற்று நேரம் அவன் எதுவும் பேசவில்லை.

ஒளி வந்த வழியே திரும்பிச் செல்லும் என்று நாம் படிக்கிறோம். அந்த விதி உங்கள் உயிரைக் காக்கும் விதியும்கூட. காரின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்கள் முகமும் அதில் அவருக்குத் தெரியாது. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர். 16 வயதில் உரிமம் எடுக்கக் காத்திருக்கும் மாணவர்களே, காரை ஒட்டிச் செல்லும் ஒவ்வொரு முறையும் அந்த முகத்தைத் தேடுங்கள். தெரியவில்லையா? வேகத்தைக் குறைத்துப் பின்தங்குங்கள். முகம் தெரிந்தாலும் அவர் உங்களைக் கவனித்துவிட்டார் என்று எண்ணாதீர்கள். பார்க்க முடியும் என்பதற்கு மட்டுமே அது சான்று.