நால்வரில் ஒருவன்: இணையக் குழு விளையாட்டில் முதற்படிகள்

திருவனந்தபுரம் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது பொன்முடி. கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிச் செல்வோரைத் தேயிலைத் தோட்டங்களும் மூடுபனியும் எதிர்கொள்கின்றன. கேரளத்து மலைத் தோட்டங்களில் தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருகின்றனர் என்பதை நேயர்கள் அறிவர். இத்தகைய மலைச் சரிவில் பந்தாடுவதற்குச் சமதரை கிடைப்பது அரிது. மழைக் காலத்திலோ வெளியே கால் வைப்பதே கடினம். ஆகவே பிள்ளைகளின் மாலை நேர ஆடுகளம் கைப்பேசிக்குள் அமைந்துவிட்டதில் வியப்பில்லை. பொன்முடியில் மட்டுமன்று, பெங்களூரிலும் மும்பையிலும் சூரத்திலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இதே நிலைதான்.

இணையத்தின் வழியே பலர் கூடி, அணி பிரிந்து போட்டியிடும் விளையாட்டில் புதிதாகச் சேரும் ஒருவன் எங்கிருந்து தொடங்க வேண்டும்? இவ்வினாவைப் பெற்றோரும் அறிந்து வைத்தல் நலம். ஏனெனில், முதல் சில நாட்களிலேயே பிறருடைய ஏச்சுக்கு ஆளாகி மனம் சோர்ந்து விலகுவோர் பலர். விலகாமல் நின்று, படிப்பையும் உறக்கத்தையும் கைப்பொருளையும் இழப்போரும் உளர். முறையறிந்து தொடங்குபவனுக்கு இவ்விரு கேடுகளும் அணுகா.

விளையாட்டின் வரலாறு

நம் நாட்டில் கைப்பேசியில் பெரிதும் ஆடப்படும் குழு விளையாட்டுகளுள் ஒன்று 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்பது. சுருக்கமாகப் 'பி.ஜி.எம்.ஐ.' என்பர். தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இதனை வெளியிட்டது. இதற்கு முன்னோடியான 'பப்ஜி மொபைல்' 2018-இல் வந்தது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளுள் அதுவும் ஒன்றாயிற்று. பி.ஜி.எம்.ஐ.யும் 2022 ஜூலை இறுதியில் அரசின் ஆணையால் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் மீண்டும் வந்தது. இதே காலத்தில், 2022 டிசம்பரில், மத்திய அரசு மின் விளையாட்டைப் பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பிரிவாக ஏற்றது. அதே 2022-இல் பர்மிங்காமில் நடைபெற்ற காமன்வெல்த் மின் விளையாட்டுப் போட்டியில், ஐவர் அணியாக ஆடும் 'டோட்டா 2' விளையாட்டில் இந்தியக் குழு வெண்கலப் பதக்கம் பெற்றது.

இவ்வரலாறு நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. இவ்விளையாட்டு மதிப்புப் பெற்றுவிட்டது. எனினும் ஓர் ஆணையால் ஒரே நாளில் மறையக் கூடியது. ஆகவே ஆடுபவன் இதனிடமிருந்து எதைப் பெற்றுக்கொண்டால், விளையாட்டே மறைந்தாலும் அது தன்னிடம் நிற்கும் என்று எண்ண வேண்டும். அவ்வாறு நிற்பது ஒன்றே: நால்வரில் ஒருவனாகப் பயன்படும் பழக்கம்.

ஆட்டத்தின் அமைப்பு

ஆட்டத்தின் அடிப்படை எளிது. ஏறத்தாழ நூறு பேர் ஒரு விமானத்தில் ஏற்றப்பட்டு, ஒரு தீவின் மேல் பறக்கின்றனர். நால்வர் ஓர் அணி. விரும்பிய இடத்தில் குதித்து, வான்குடையில் இறங்கி, வீடுகளில் சிதறிக் கிடக்கும் துப்பாக்கி, தலைக்கவசம், மார்புக்கவசம், முதலுதவிப் பொருள் ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். இதனை ஆடுவோர் 'லூட்' என்பர். சிறிது நேரத்தில் வரைபடத்தில் ஒரு வட்டம் தோன்றும். வட்டத்திற்கு வெளியே நிற்பவனின் உடல்வலிமை குறைந்துகொண்டே வரும். வட்டமும் படிப்படியாகச் சுருங்கும். இறுதிவரை எஞ்சி நிற்கும் அணியே வெற்றி பெறுகிறது. 'எராங்கல்' எனப்படும் பழைய களம் எட்டுக் கிலோமீட்டர் நீளமும் அதே அளவு அகலமும் உடையது. இதில் ஓர் ஆட்டம் முடிய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும்.

புதியவன் துப்பாக்கியை எடுத்துச் சுடுவதே ஆட்டம் என்று எண்ணுகிறான். ஆனால் போட்டிகளில் எத்தனை பேரை வீழ்த்தினோம் என்பதற்கும், எத்தனையாவது அணியாக எஞ்சினோம் என்பதற்கும் சேர்த்தே புள்ளிகள் வழங்கப்படுகின்றன. குறி தவறாத கண் அமையாதவனும் அணியைக் கடைசி வரை நிறுத்தத் துணை புரியலாம் என்பது இதனால் விளங்கும்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

முதலாவது, களத்தை அறிதல். 2023 அக்டோபரில் ஆசிய மலைமிதிவண்டிப் போட்டி பொன்முடியில் நடைபெற்றது. அத்தகைய போட்டிகளில் வீரர்கள் பந்தய நாளுக்கு முன்பே தடத்தில் ஓட்டிப் பார்த்து, எந்த வளைவில் வேகத்தைக் குறைப்பது, எந்தப் பாறையை எப்படித் தாண்டுவது என்று மனத்தில் பதித்துக்கொள்வது வழக்கம். இணைய ஆட்டத்திற்கும் இம்முறையே பொருந்தும. ஒரே களத்தைத் தேர்ந்து, அதில் ஒரே பகுதியில் பலமுறை இறங்கிப் பழக வேண்டும். எல்லோரும் பாயும் நகரங்களைத் தவிர்த்து, விமானப் பாதையிலிருந்து சற்று விலகிய சிறு குடியிருப்பில் இறங்குவது தொடக்கத்தில் நல்லது. தொடக்கப் படிகளில் எதிரிகளுட் சிலர் கணினியே இயக்கும் பொம்மைகளாதலால், அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, பயிற்சிக் களத்தைப் பயன்படுத்துதல். எவரும் தம்மை வீழ்த்தாத அந்த இடத்தில் ஒரு துப்பாக்கியை மட்டும் எடுத்து, சுடும்போது அதன் முனை மேலெழுவதை விரலால் கீழ்நோக்கி அடக்கப் பழக வேண்டும். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். துப்பாக்கிகளை நாள்தோறும் மாற்றுபவனுக்கு ஒன்றும் கைவராது.

மூன்றாவது, கருவியைச் சீர்செய்தல். மலைப் பகுதிகளில் அலைபேசிச் சமிக்ஞை நிலையாக இராது. களங்களுக்குரிய கோப்புகளை, இணையம் நன்கு கிடைக்கும் இடத்திலேயே முன்கூட்டிப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். காட்சியின் அழகைக் குறைத்து, ஓட்டத்தின் சீர்மையைக் கூட்டும் அமைப்பைத் தேர்ந்துகொள்ளலாம். செவியில் ஒலிவாங்கியுடன் கூடிய கேட்பான் வேண்டும். எதிரியின் காலடி ஓசை கண்ணுக்கு முன் காதுக்கே எட்டும். சமிக்ஞை அறுந்து அறுந்து வரும் நாளில் தரவரிசை ஆட்டத்தில் சேராதிருப்பதே முறை. இடையில் ஒருவன் உறைந்து நின்றால், இழப்பு அவனுக்கு மட்டுமன்று, மற்ற மூவருக்கும் அல்லவா?

அணிக்குப் பயன்படுதல்

தேர்ந்த அணிகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஒருவர் எங்குச் செல்வது, எப்போது தாக்குவது என்று முடிவு சொல்கிறார். ஒருவர் முன்னேறித் தாக்குகிறார். ஒருவர் தொலைவிலிருந்து குறி பார்க்கிறார். மற்றொருவர் துணை நின்று காக்கிறார். புதியவனுக்கு ஏற்றது இந்தத் துணைவன் பொறுப்பே. இதனைத் தாழ்வென்று எவரும் கருத வேண்டுவதில்லை.

துணைவனின் வேலை என்ன? வீழ்ந்த தோழனை எழுப்புவது முதல் வேலை. அணியில் ஒருவரேனும் நிற்கும்வரை, அடிபட்டவன் உடனே நீங்குவதில்லை, தரையில் ஊர்ந்துகொண்டிருப்பான். அருகில் சென்று சுமார் பத்து வினாடி நின்றால் அவனை எழுப்பிவிடலாம். ஆனால் பதற்றத்தில் ஓடிச் சென்று, அதே எதிரியின் குறிக்குத் தானும் இலக்காவது புதியவர் எல்லோரும் செய்வது. முதலில் மறைவு தேட வேண்டும். புகைக்குண்டு வீசிப் பார்வையை மறைக்க வேண்டும். அதன் பின்னரே எழுப்ப வேண்டும். குண்டுகளும் மருந்தும் மிகுதியாக இருப்பின், கேட்கும் முன்னரே தோழனுக்குக் கொடுப்பது அடுத்த வேலை. எல்லோரும் முன்னே பார்க்கும்போது பின்புறத்தைப் பார்த்து நிற்பது மூன்றாவது வேலை. இம்மூன்றையும் செய்பவனை, குறி பார்க்கத் தெரியாத காரணத்திற்காக எந்த அணியும் எளிதில் விலக்கிவிடாது.

பேச்சும் மொழியும்

பிற மாநிலத்தில் வாழும் தமிழ் இளைஞனுக்கு இங்கே ஒரு தனி இடர் உண்டு. அணியில் சேரும் மூவர் மலையாளத்திலோ இந்தியிலோ கன்னடத்திலோ பேசலாம். தனக்கு விளங்காத விரைவில் ஆணைகள் பறக்கும்போது அவன் வாய்மூடி இருந்துவிடுகிறான். பேசாதவன் இருந்தும் இல்லாதவன் ஆகிறான்.

இதற்கு எளிய வழி, எண்களைக் கற்றல். திரையின் மேற்புறத்தில் ஒரு திசைமானி உள்ளது. வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 என்று பாகைகள் காட்டப்படும். 'இடப்பக்கம் எதிரி' என்று கூவுவதால் பயனில்லை. உன் இடப்பக்கம் வேறு பக்கம் நோக்கி நிற்கும் தோழனுக்கு இடப்பக்கம் ஆகாது. '240, மரத்தின் பின், ஒருவன்' என்று சொன்னால் எவருக்கும் ஐயம் எழாது. எண்ணும் இடமும் தொகையும் ஆகிய மூன்றையும் கூட்டாளிகளின் மொழியில் சொல்லக் கற்றால் பாதி வேலை முடிந்தது. அதுவும் கைகூடும் வரை, வரைபடத்தில் குறியிட்டுக் காட்டும் வசதி உண்டு. அக்குறிக்கு மொழி இல்லை.

இவ்வாறு தொடங்கிய பேச்சு ஆட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. முன்னறியாத மூத்தவனைச் 'சேட்டா' என்று அழைத்து, 'பின்னில் உண்டு' என்று எச்சரிக்கும் பிள்ளை, மறுநாள் கடைத்தெருவிலும் பேருந்திலும் அம்மொழியைத் தயக்கமின்றிப் பேசுகிறான். புகுந்த நாட்டில் முதல் நட்பு இவ்வழியில் வாய்த்தாலும் நன்றே. ஆனால் முகமறியாதவரிடம் ஊரையும் வீட்டையும் பள்ளியையும் கைப்பேசி எண்ணையும் சொல்லலாகாது. ஏசுபவனுக்கு எதிர் ஏச்சு தேவையில்லை. அவன் குரலை அடைக்கும் பொத்தான் திரையிலேயே உள்ளது.

பெற்றோர் அறிய வேண்டியவை

விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் புறப்படும் தாய்க்கு, இரவு பதினொரு மணிக்கும் மகன் கைப்பேசியோடு பேசிக்கொண்டிருப்பது எரிச்சலூட்டும். 'உடனே வைத்துவிடு' என்று அதட்டினால், மூவரை நடுவில் கைவிட வேண்டிய நிலையில் அவன் சினம் கொள்கிறான். ஆட்டம் ஒன்றுக்கு அரை மணி என்பதை அறிந்த தாய், 'இந்த ஆட்டத்தோடு நிறுத்து' என்று சொல்லலாம். மகனும், அரை மணிக்குள் வேறு வேலை காத்திருப்பின் புதிய ஆட்டத்தைத் தொடங்கலாகாது. நாளுக்கு இத்தனை ஆட்டம் என்று இருவரும் பேசி வரையறுத்தல், மணிக்கணக்கில் வழக்காடுவதைக் காட்டிலும் சிறந்தது. 18 வயது நிரம்பாதவருக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே உச்சவரம்பு என்று அந்நிறுவனமே 2021-இல் அறிவித்தது. அது மேல் எல்லை. பள்ளி செல்லும் பிள்ளைக்கு அதிற் பாதியே அதிகம்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். இவ்விளையாட்டில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை. உள்ளே விலைக்கு விற்கப்படுபவை பெரும்பாலும் உடையும் ஒப்பனையுமே. அவற்றால் குறி கூர்மையடையாது. பணம் கட்டி ஆடி, பணம் வெல்லலாம் என்று ஆசை காட்டுவன வேறு வகை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், மின் விளையாட்டை ஊக்குவிக்கவும் பணம் வைத்தாடும் விளையாட்டுகளைத் தடுக்கவும் வகை செய்கிறது. இவ்வேறுபாட்டைக் குடும்பத்தார் அனைவரும் தெளிவாக உணர்தல் வேண்டும். ஊருக்கு அனுப்ப வைத்த பணம் ஓரிரவில் கரைவது இரண்டாம் வகையில்தான்.

போட்டிகளில் பரிசு பெற்றுப் புகழடைவோர் மிகச் சிலரே. அதனை நம்பிப் பள்ளியை விடுவது அறிவுடைமையன்று. ஆயினும் கூட்டாளி வீழ்ந்தால் எழுப்புவது, உள்ளதைப் பகிர்வது, அயல்மொழியாளனோடு நிதானமாகப் பேசுவது, தோற்றபின் ஏசாமல் அடுத்த ஆட்டத்தில் திருத்துவது ஆகிய பழக்கங்கள் எத்தொழிலுக்கும் துணையாகும். புதிதாகத் தொடங்கும் இளைஞர்கள் முதல் மாதத்தில் எத்தனை பேரை வீழ்த்தினோம் என்று கணக்கிடுவதை ஒதுக்கிவைத்து, எத்தனை பேரை எழுப்பினோம் என்று எண்ணி வருவார்களாக. அந்தக் கணக்கு ஏற ஏற, அவர்களைத் தேடி அணிகள் தாமே வரும்.