நேரடியாக அளக்க முடியாத வெப்பத்தைக் கணக்கிடுவது எப்படி?

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நேரேயும் போகலாம். வடலூர் வழியா சுத்தியும் போகலாம். பஸ் டிக்கெட் மாறும். இரண்டு ஊருக்கும் உள்ள உயர வித்தியாசம் மாறாது. வேதிவினையின் வெப்ப மாற்றமும் (என்தால்பி) அப்படித்தான்: எந்த வழியில் போனாலும் மொத்தம் ஒன்றே. 1840-ல் ஹெஸ் சொன்ன விதி இது.

கார்பனை கார்பன் மோனாக்சைடாக மட்டும் எரித்து அளப்பது கஷ்டம். டை ஆக்சைடும் சேர்ந்தே வரும். அதனால் சுற்றுவழி. ஒரு மோல் கார்பன் முழுசா எரிந்தால் 393.5 கிலோஜூல் வெளிவரும். ஒரு மோல் மோனாக்சைடு எரிந்தால் 283. கழித்தால் விடை 110.5.

இதே மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிக்கும் கொதிகலன்களுக்கும் இந்தக் கணக்கு முக்கியம். காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடாகவே நின்றுவிட்டால், அது தரவேண்டிய வெப்பத்தில் சுமார் 72 சதவீதம் புகைபோக்கி வழியே வீணாகிவிடும்.