நெடுநல்வாடையில் கூதிர்காலத் தெரு

நெடுநல்வாடையின் 188 அடிகளுள், மூதூர்த் தெருவில் உலாவுவோரைக் கூறுவன ஏழே அடிகள். இப்பாட்டு அகமோ புறமோ என்னும் வழக்கே கற்பார் கருத்தைப் பெரிதும் ஈர்ப்பதால், இவ்வடிகள் எளிதாகக் கடக்கப்பட்டுவிடுகின்றன. இவையின்றிப் பாட்டின் இறுதி முற்றும் விளங்காது என்பது எம் கருத்து.

கூதிர் ஐப்பசியும் கார்த்திகையுமாகிய வாடைக்காலம். மேலைநாட்டார் போற்றும் இலையுதிர்காலம் போல வானம் தெளிந்து உலாவுக்கு அழைக்கும் பருவம் அன்று இது. நகரத்தார் யாவரும் உள்ளே ஒடுங்குகின்றனர். கதிரவன் தோன்றாமையால், தட்டில் இட்ட பிச்சியரும்பு மலர்வது கண்டே மகளிர் மாலைப்பொழுது வந்ததென அறிகின்றனர். மனைப்புறா இரவும் பகலும் அறியாது மயங்கிக் கால் மாற்றி நிற்கிறது. மாட்டிய விசிறியில் சிலந்தி நூல் இழைக்கிறது. குளிர்ந்த நீரை வெறுத்து, யாவரும் தடாவில் இட்ட நெருப்பை நாடுகின்றனர்.

இந்நிலையில், ஆறு கிடந்தாற் போன்ற அகன்ற தெருவில் வலிய உடலினர் சிலர், தேறல் உண்டு மகிழ்ந்து, தூவலைப் பொருட்படுத்தாது, பகற்பொழுது கழிந்த பின்னரும் திரிகின்றனர். எங்குச் செல்கின்றனர்? 'வேண்டுவயின்' என்னும் ஒரு சொல்லே விடை. வாங்குதற்கோ, விழாக் காண்டற்கோ அன்று; நடத்தலே அவர்க்கு இன்பம். மதுரைக்காஞ்சியின் தெருக்களில் கூட்டமும் ஒலியும் நிறைந்திருக்க, ஈண்டு உலாவுவோரின் ஆரவாரம் எதனையும் நக்கீரர் கூறவில்லை. இவரை 'மாக்கள்' என்றது கொண்டு புலவர் இகழ்ந்தார் எனல் பொருந்தாது. புறநானூற்று 6ஆம் பாட்டில் பரிசில் பெறுவோரும் அச்சொல்லாலேயே குறிக்கப்படுகின்றனர். கள் உண்டமை ஒன்று கொண்டு இவ்வின்பத்தைத் தள்ளிவிடுவது நம் கால ஒழுக்கத்தைப் பாட்டின்மேல் ஏற்றுவதாகும்.

இனிப் பாட்டின் இறுதியை நோக்குவோம். பாசறையில் நள்ளிரவிலும் துயிலாத வேந்தன் ஒருவன், வாடையில் விளக்குச்சுடர் சாய, புண்பட்ட மறவரைக் காணச் செல்கின்றான். ஆங்கும் 'தெரு' என்னும் சொல் வருகிறது; ஆனால் அது சேறுபட்ட தெரு. குதிரைகள் தம்மேல் வீழ்ந்த துளியை உதறி நிற்கின்றன. காலமும் வாடையும் துளியும் ஒன்றே. நடப்பவர் நிலையே வேறு. மூதூரார்க்கு வேண்டிய இடமெல்லாம் வழி. வேந்தனுக்கோ புண்பட்டோர் கிடக்கும் இடமே வழி. அரசியின் தனிமைக்கு மாறாகவே முன்னையோரின் மகிழ்ச்சி வைக்கப்பட்டது எனின், அது பாதி உண்மையே. வேந்தன் இழந்திருக்கும் எளிய உரிமைக்கும் அஃது அளவுகோலாகிறது. மூதூரார் நனைந்தே திரிகின்றனர். வேந்தன்மேல் துளி விழாதபடி குடை மறைக்கிறது.