உப்புக்காற்றில் ஒரு அடுப்படி

1923-இல் ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் இந்தியாவில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கப் பெயர்தான் விம்கோ. அதன் தொழிற்சாலை வடசென்னைக் கடலோரத் திருவொற்றியூரில் இருந்ததால் அந்தப் பகுதிக்கு விம்கோ நகர் என்ற பெயர் நிலைத்தது. இன்று பக்கத்து மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் சமையல் எரிவாயு வந்திறங்கும் முனையம். ஊராரின் அடுப்புக்கு நெருப்பு தரும் இந்தப் பகுதியில், வேலைக்காக வந்து ஒற்றை அறையும் சின்ன அடுப்படியும் உள்ள போர்ஷனில் புதுக்குடித்தனம் வைக்கிறவர்கள் ஏராளம். அந்த அடுப்படிக்கு முதலில் என்ன வாங்குவது?

சீர்வரிசையில் வரும் எவர்சில்வர் அடுக்குகளும் டஜன் கணக்கில் டம்ளர்களும் பெரும்பாலும் பரணுக்குத்தான் போகின்றன. தினமும் அடுப்பில் ஏறுவது நான்கைந்து பாத்திரங்கள். கையில் இருக்கும் காசை அந்த நான்கைந்தில் போடுங்கள். கனமானதாக வாங்குங்கள். மெல்லிய தகட்டில் செய்த மலிவுப் பாத்திரம் அடிப்பிடிக்கும், கேஸையும் தின்னும்.

இந்தக் கரையில் முதலிடம் மண்சட்டிக்கு. காசிமேட்டுச் சங்கராவோ எண்ணூர் இறாலோ, புளி கரைத்து வைக்கிற குழம்புக்கு அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. அலுமினியத்தைப் புளி அரிக்கும். மண்ணை ஒன்றும் செய்யாது. மறுநாள் வரை குழம்பைச் சட்டியிலேயே வைக்கலாம். வாங்கும்போது அடி தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். உருண்டை அடிச் சட்டி கேஸ் அடுப்பில் ஆடும். பளபளக்கும் வார்னிஷ் பூசியதைத் தொடவே வேண்டாம். புதுச் சட்டியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிடுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் சட்டி பழகிவிடும். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும், அதில் மட்டும் கவனம்.

அடுத்தது இரும்பு: ஒரு தோசைக்கல், ஒரு வாணலி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கும் மேல் ரத்தசோகை. இரும்பு வாணலியில் வதக்கும் கீரையிலும் தக்காளியிலும் கொஞ்சம் இரும்புச்சத்து இறங்குகிறது. மருந்துக்கு அது ஈடாகாதுதான். ஆனாலும் தினமும் சேரும் அந்தக் கொஞ்சத்தை ஏன் விட வேண்டும்? சமைத்ததை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இரும்பில் கிடந்தால் கறுத்து, வாடை ஏறும்.

இங்கே இரும்புக்கு ஒரு எதிரி உண்டு. கடலிலிருந்து வீசும் உப்புக்காற்று. கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் துரு பூத்திருக்கும். கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரம் வற்றச் சூடாக்கி, துணியில் நல்லெண்ணெய் தொட்டு ஒரு தடவு தடவி வையுங்கள். அரை நிமிட வேலை. இதே காற்றுதான் பெயின்ட் அடித்த தகர அடுப்பையும் தின்கிறது. அதனால் விலை கொஞ்சம் கூடினாலும் எவர்சில்வர் உடம்பும் பித்தளை பர்னரும் உள்ள அடுப்பே இந்தப் பக்கத்துக்குத் தாங்கும்.

குக்கர் இல்லாமல் ஷிஃப்ட் வேலைக்காரர் வீடு ஓடாது. காலை ஷிஃப்டுக்கு டிபன் கேரியர் கட்ட வேண்டிய வீட்டில், விடியுமுன் பருப்பு வெந்திருக்க வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 120 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கிறது. வேகும் நேரம் அதனால்தான் குறைகிறது. இரண்டு மூன்று பேருக்கு 3 லிட்டர் போதும். 2021 பிப்ரவரி முதல் வீட்டுக் குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாததைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எவ்வளவு விசில் விட்டாலும் பருப்பு குழையவில்லையா? குக்கரைத் திட்டுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். கடலோர நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்த்துவிட்டது. கடின நீரில் பருப்பு எளிதில் வேகாது. சமையலுக்கு மெட்ரோ தண்ணீரைப் பிடித்து வைக்க மூடியுள்ள இரண்டு குடம் வேண்டும். அதுவும் அடுப்படிச் சாமான்தான்.

மிக்சி ஒன்று அவசியம். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் பெற்றோர் வீட்டுக்கு வந்தது சும்மா கிடந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கிரைண்டர் பிறகு பார்த்துக்கொள்ளலாம், தெருமுனையிலேயே மாவு கிடைக்கிறது. மீன் வாங்கும் இடத்திலேயே வெட்டித் தருவதால் பெரிய அருவாமனையும் வேண்டியதில்லை. ஒரு நல்ல கத்தி, பலகை, கரண்டி, ஜல்லிக்கரண்டி, இடுக்கி, அஞ்சறைப்பெட்டி இருந்தால் குடித்தனம் தொடங்கிவிடும்.

எல்லாரும் கடைசிக்குத் தள்ளுவது கேஸ் டியூப். பாத்திரங்களுக்குத் தாராளமாகச் செலவழிப்பவர்கள்கூட, முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன பழைய டியூபையே மாட்டிக்கொள்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள புது டியூபை ஏஜென்சியிலேயே வாங்கி, 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெடிப்பு கண்டால் அன்றே மாற்றுங்கள். சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, அடுப்பை அதைவிட உயரமான மேடையில் வையுங்கள். வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து கூப்பிட வேண்டிய எண் 1906.