நாசிக் திராட்சையும் நானும்

முகம் சுளிக்காமல் படியுங்கள். இது ஒயினைப் பற்றிய கட்டுரை.

என் தந்தையார் குடித்தே சொந்த வீட்டை இழந்தவர். ஆகவே பாட்டில் என்றாலே எனக்கு ஆகாது. மாப்பிள்ளை நாசிக்கில் ஒயின் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோது, மகள் எத்தனை முறை அழைத்தும் இரண்டு வருடம் அந்தப் பக்கமே நான் போகவில்லை. பேரன் பிறந்ததும் பிடிவாதம் தளர்ந்தது.

"மாமா, நீங்கள் குடிக்க வேண்டாம், கொடியை மட்டும் வந்து பாருங்கள்" என்று மாப்பிள்ளை தோட்டத்துக்கு அழைத்துப் போனார். தண்டவாளமும் எஞ்சினுமாகக் காலம் கழித்த எனக்கு அது புதுப் பாடம். ஐரோப்பாவில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் உறங்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அறுவடை. நாசிக்கில் அந்த உறக்கம் கிடையாது. ஏப்ரலில் ஒரு கவாத்து. அப்போது துளிர்க்கும் கிளைகளில்தான் பழத்துக்கான மொட்டு உருவாகிறது. மழையில் பழம் பிடித்தால் பூஞ்சை நோய் தாக்கிவிடும். ஆகவே மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் மறு கவாத்து; ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. குளிர்ந்த இரவுகள் பழத்தின் புளிப்பைக் காக்கின்றன. நம் ரயில்வே பராமரிப்பு அட்டவணை கூட இவ்வளவு கறார் இல்லை!

பூர்வீகக் கதைகளும் சுவையானவை. ஷிராஸ் என்னும் கருந்திராட்சை பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்ததாக நெடுங்காலம் நம்பினார்கள். 1990களின் இறுதியில் நடந்த மரபணுச் சோதனையில், அதன் தாய், தந்தை இரண்டுமே தென்கிழக்கு பிரான்ஸ் கொடிகள் என்று தெரிந்தது. நமக்கும் இதில் பழைய உறவு உண்டு. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பருகுவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். 1945-ல் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன.

கோடைக்குக் குளிரவைத்த வெள்ளை ஒயின், மழைக்காலத்துக்கு ரோஸே, மார்கழிக் குளிருக்குச் சிவப்பு என்பது மாப்பிள்ளையின் கணக்கு. மூன்றாம் முறை போனது ஒரு ஏப்ரலில். அன்று அரைக் கோப்பை வெள்ளை ஒயின் வாங்கிச் சுவைத்தேன். வெட்டிய புல்லும் கொய்யாவும் கலந்த வாசனை. மகள் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாயோடு கோப்பையைக் கீழே வைத்தேன். அப்பாவால் இப்படி வைக்க முடிந்திருந்தால் என்று நெஞ்சு அடைத்தது.

பழக்கமில்லாதவர்கள் பழகிக்கொள்ள வேண்டியதில்லை. பிப்ரவரியில் ஒருமுறை குடும்பத்தோடு நாசிக் போய் அறுவடையைப் பார்த்து வாருங்கள். குழந்தைகளுக்குத் தின்னப் பழம் இருக்கிறது.