அழியாத அழிப்பான்

என் பையில் ஓர் அழிப்பான் இருக்கிறது. கட்டைவிரல் அளவுதான். மேலே அச்சிட்ட பிரேசில் கொடியின் பச்சை மங்கி, ஓரங்கள் கறுத்துவிட்டன. பல்கலைக்கழகத்தில் குறிப்பெல்லாம் மடிக்கணினியில்தான் எடுக்கிறேன். ஆனாலும் அது இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை.

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் படித்த பலருக்கு இந்தக் கொடி அழிப்பான்கள் நினைவிருக்கும். பள்ளிப் புத்தகக் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும். ஓரத்தை விரல் நுனியால் அழுத்தித் துள்ளவைக்க வேண்டும். எதிராளியின் அழிப்பான்மேல் விழுந்தால் அது நமக்கே. தொடக்கநிலை நான்கில் இப்படித்தான் என் தோழியின் பிரேசிலை வென்றேன். “நீ மேசையை ஆட்டினே! திருப்பிக் கொடு” என்று அவள் சண்டை பிடித்தாள். நான் கொடுக்கவில்லை. உயர்நிலைப்பள்ளிக்குப் போன பிறகும் அந்த வழக்கு ஓயவில்லை.

தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மருத்துவமனையிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பினாள்: “பிரேசிலைக் கொண்டு வா. மறுபடி ஆடலாம்.”

“பரீட்சை முடியட்டும், வர்றேன்” என்று பதில் அனுப்பினேன்.

மேல்நிலைத் தேர்வு முடிய இரண்டு வாரங்கள் இருந்தபோது அவள் இறந்துவிட்டாள்.

அழிப்பானை இழுப்பறையின் அடியில் போட்டுவிட்டேன். அதைப் பார்த்தால் அவளைவிட என் பதில்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

முதலாண்டு நினைவுநாளன்று, அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவள் அம்மாவிடம் கொண்டுபோனேன். பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். “இதுதானா அந்தப் பிரேசில்? நீ மேசையை ஆட்டிட்டேன்னு ஒரு வாரம் என்னைப் படாதபாடு படுத்துனா!”

“ஆமா ஆண்ட்டி, ஆட்டினேன்” என்று அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

சிரித்தோம், அழுதோம், இரண்டு மணி நேரம் அவளைப் பற்றியே பேசினோம். “எனக்கு வருத்தமா இருக்கும்னு யாரும் அவ பேரையே எடுக்கிறதில்லம்மா” என்றார். கிளம்பும்போது அழிப்பானை என் கையிலேயே வைத்து மூடினார். “வச்சுக்க. அப்பப்ப வந்து அவளைப் பத்திப் பேசு.”

துயரத்திலிருந்து மீள்வதென்றால் மறப்பது என்று நினைத்திருந்தேன். டெனிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் 1996ல் பதிப்பித்த உளவியல் நூல் ‘தொடரும் பிணைப்புகள்’ என்ற கருத்தை முன்வைத்தது. இறந்தவரோடு இருந்த உறவை அறுத்துக்கொள்ளத் தேவையில்லை, அது வேறு வடிவில் தொடரலாம் என்பதே அதன் சாரம். அதைப் படித்தபோது அந்த இரண்டு மணி நேரம்தான் நினைவுக்கு வந்தது.

போகாமல் விட்டேனே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால், இப்போது அழிப்பானைத் தொட்டால் முதலில் கேட்பது அவள் சண்டை போடும் குரல்தான்.

உங்கள் நண்பர் யாரையாவது இழந்திருந்தால், இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்காதீர்கள். நோயுற்ற நண்பர் “வா” என்று அழைத்தால், தேர்வுக்கு நடுவிலும் ஒரு மணி நேரம் போய்வாருங்கள்.